மறுமொழி: அபாஸ்ட்ரஃபிக்கு “உடைமைக்குறி” பொருந்துமா?

ஆங்கிலத்தில் எழுத்துகளின் மேல்பக்கம் வரும் ’ குறிதான் அபாஸ்ட்ரஃபி. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில் வந்த கருத்துகளுக்கு இது என் மறுமொழி.

> உடைமைக்குறி என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

பாதிதான் புரியும். “டோன்’ட்” என்பதில் யாருடைய உடைமை இருக்கிறது? “நாட்” இழந்த “ஓ” எழுத்தின் இடத்தில்தான் குறி நிற்கிறது. “டூ வீக்ஸ்’ லீவ்” என்றால் இரண்டு வார விடுப்பு. வாரம் விடுப்புக்குச் சொந்தக்காரர் இல்லை.

பெரிய வம்பு “இட்ஸ்”. உடைமைக்குறி என்று சொல்லிக்கொடுத்தால், “அதனுடைய” என்று எழுதும்போது மாணவர் குறியைப் போட்டே தீருவார். அங்கேதான் போடக் கூடாது. ஹிஸ், ஹெர்ஸ் போல அதுவும் குறியில்லாத வடிவம். “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்று விரித்துப் படித்தால் பொருள் நிற்கிறதா பாருங்கள். நின்றால் குறி உண்டு.

சொல்லின் முதலிலோ இடையிலோ கடைசியிலோ எழுத்து குறைவதற்கு நம் இலக்கணத்தில் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று இடம் தயாராகவே இருக்கிறது. “இட் இஸ்” சுருங்கி “’டிஸ்” ஆனது முதற்குறை. டோன்’ட் இடைக்குறை. “ஓ’கிளாக்” என்பதில் “ஆஃப்” தேய்ந்து “ஓ” மட்டும் நிற்பது கடைக்குறை. உடைமைப் பொருளில் வருவதற்கும் வேர் இதுவே: பழைய ஆங்கிலத்தின் ஆறாம் வேற்றுமை விகுதியில் “ஈ” எழுத்து உதிர்ந்த தடம். ஆகவே “குறைக்குறி” என்கிறேன்.

> குறைக்குறி என்றால் கணக்கில் கழித்தல் குறி போல் இருக்கிறதே. நன்னூலில் எழுத்து மறைவதைச் சொல்லும் “கெடுதல்” என்பதை வைத்துக் “கெடுகுறி” எனலாமா?

விசைப்பலகையில் விசையின் மேல் “கெடுகுறி” என்று பொறித்தால் பல்லி சொன்ன மாதிரி இருக்கும்! கழித்தல் குழப்பம் நியாயமானது. எழுத்து விடுபட்டதைக் காட்டுவதால் “விடுகுறி” என்போம்.

பயன்பாட்டு விளக்கத்தில் இவையும் வேண்டும். ஒரு பையனுடையது “பாய்’ஸ்”, பலருடையது “பாய்ஸ்’”, ஒலி ஒன்றே. எஸ் இல்லாப் பன்மைக்கு “சில்ரன்’ஸ்”. வெறும் பன்மைக்குக் கிடையாது. பலகைகளில் வரும் “டாக்ஸி’ஸ்” வகைப் பிழையைக் காய்கறிக்கடைக்காரர் அபாஸ்ட்ரஃபி என்று ஆங்கிலேயரே கேலி செய்கிறார்கள்.

> ஆங்கிலத்தில் 19-ஐ விட்டு ’90ஸ் என்று அடித்தால் குறி தலைகீழாக வருகிறது.

சொற்செயலி அதைத் தொடக்க மேற்கோள் என்று எண்ணி யூனிகோடில் 2018 என்ற எண்ணுள்ள குறியைப் போடுகிறது. வர வேண்டியது 2019. குறியை இருமுறை தட்டி முதலாவதை அழியுங்கள், மிச்சம் சரியாக வளைந்திருக்கும். விசைப்பலகையின் நேர்க்குறி 0027.

2019-இன் யூனிகோட் பெயர் வலது ஒற்றை மேற்கோள்குறி. நம் தமிழ்ப் பெயர்ப்பட்டியலில் அதை அப்படியே விடுவோம். 0027-க்கு மட்டும் “விடுகுறி” என்று சேர்க்கிறேன்.