கெமிஸ்ட்ரினாலே ஜெர்மன்தான்னு இருந்துச்சாமே, எப்படி எல்லாம் இங்கிலீஷ் ஆச்சு?

பிப்பெட்_சாமி:
எங்க டிபார்ட்மென்ட் லைப்ரரி மூலைல தடி தடியா பெயில்ஸ்டைன் (ஆர்கானிக் காம்பவுண்டுகளோட விவரத்தையெல்லாம் தொகுத்த ரெஃபரன்ஸ் புக்) வால்யூம் அடுக்கி வச்சிருக்காங்க, எடுத்துப் பாத்தா ஒரு வார்த்தை புரியல, எல்லாம் ஜெர்மன். ரிட்டயர் ஆன சார் ஒருத்தர்கிட்ட கேட்டேன், "டிக்‌ஷனரிய பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான்பா படிப்போம்"னாரு. இப்ப ஜெர்மன்காரனே பேப்பரை இங்கிலீஷ்ல எழுதுறான். நடுவுல என்னதான் நடந்துச்சு?

கரிசல்காட்டான்:
இதுல என்ன ப்ரோ இருக்கு, பிரிட்டிஷ்காரன் உலகத்துல காவாசிய ஆண்டான், பாஷையும் கூடவே ஒட்டிக்கிச்சு.

பழைய_லேப்கோட்:
@கரிசல்காட்டான் நம்மூருக்கு அது சரி. ஜெர்மனிய எந்த பிரிட்டிஷ்காரன் ஆண்டான்? 1900 வாக்குல அவன் உச்சத்துல இருந்தப்பவே சயின்ஸ்ல ஜெர்மன், பிரெஞ்சு, இங்கிலீஷ் மூணும் ஏறக்குறைய சரிசமமாத்தான் ஓடிட்டிருந்துச்சு. ஐன்ஸ்டைன் 1905ல எழுதின பேப்பரெல்லாம் ஜெர்மன்தானே.

அடி விழுந்தது முதல் உலகப்போர்ல. ஜெயிச்ச நாட்டு விஞ்ஞானிங்க 1919ல இன்டர்நேஷனல் ரிசர்ச் கவுன்சில்னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஜெர்மனி ஆஸ்திரியா ஆளுங்கள 1926 வரைக்கும் வாசல்லயே நிறுத்தி வச்சாங்க. அமெரிக்காவுல ஜெர்மன்னாலே ஆகாதுன்னு ஆயிடுச்சு, நெப்ராஸ்கால எட்டாவது தாண்டாத பசங்களுக்கு இங்கிலீஷ் தவிர வேற நாட்டு பாஷை எதையும் சொல்லித்தரக்கூடாதுன்னு 1919ல சட்டமே போட்டாங்கன்னா பாத்துக்கங்க, 1923ல சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுடுச்சு, ஆனா அங்க ஜெர்மன் படிக்கிற பழக்கமே அதுக்குள்ள அத்துப்போச்சு. அப்புறம் 1933ல ஹிட்லர் வந்து யூத ப்ரொபசர்கள வேலைய விட்டுத் தூக்கினான், அவங்க இங்கிலாந்து, அமெரிக்கான்னு போய் இங்கிலீஷ்ல எழுத ஆரம்பிச்சாங்க. தன் பாஷைக்குத் தானே குழி தோண்டினதுதான். 1945க்கு மேல காசு, லேப், ஆளு எல்லாமே அமெரிக்கா பக்கம்.

கரிசல்காட்டான்:
ஓ, இந்தக் கதை தெரியாது. அப்ப இங்கிலீஷ் ஜெயிக்கல, ஜெர்மன் தோத்துச்சு 😄

பழைய_லேப்கோட்:
ரெண்டும்தான் தம்பி. பெயில்ஸ்டைன் மட்டும் ரொம்ப நாள் வீம்பா நின்னுச்சு, அஞ்சாவது சப்ளிமென்ட்டுக்கு வந்தப்பதான், 1984ல, இங்கிலீஷுக்கு மாறுச்சு.

மழைக்கோட்டு (ஜெர்மனில இருந்து):
இங்கதான் பிஎச்டி பண்றேன், எங்க குரூப் மீட்டிங் முழுக்க இங்கிலீஷ், டீ குடிக்கப் போனாதான் ஜெர்மன் காதுல விழும். ஆனா @பிப்பெட்_சாமி, மாலிக்யூல்ல டபுள் பாண்டோட ரெண்டு முனைலயும் இருக்கிற முக்கியமான குரூப் எதிரெதிரா இருக்கா, ஒரே பக்கமா இருக்கான்னு காட்ட தினமும் இ (E), இசட் (Z)னு போடுறீங்களே, அது என்னன்னு நெனச்சீங்க? இ வந்தது என்ட்கேகன்ல (entgegen) இருந்து, அப்படின்னா எதிரெதிர்; இசட் வந்தது ட்சுசாமன்ல (zusammen) இருந்து, அப்படின்னா சேந்து. ரெண்டும் ஜெர்மன் வார்த்தை.

பிப்பெட்_சாமி:
அடக்கடவுளே. வளைஞ்சு போற இசட் எழுத்து எப்படிடா "ஒரே பக்கம்" ஆகும்னு ரெண்டு வருஷமா மண்டைய உடைச்சிட்டிருந்தேன், இன்டர்னல்ல அதுல ஒரு மார்க்கும் போச்சு.