ஸ்கோப் ஃபர்ம்வேர் பிழையைக் கம்பெனிக்கு எழுதுவது: அனுபவப் பகிர்வு

ஸ்கோப் என்றால் ஆசிலோஸ்கோப், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. அதனுள் ஓடும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். தென்னாப்பிரிக்காவிலிருந்து நாங்கள் மாறி மாறி எழுதியது இது; ஒவ்வொரு பகுதியின் மேலும் எழுதியவரின் ஊர் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த், டர்பன்

எழுத உட்காரும் முன் டிஃபால்ட் பட்டனை (எல்லா அமைப்பையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது) அழுத்தி, முதலிலிருந்து அதே வேலையைச் செய்து பாருங்கள். கோளாறு திரும்ப வரவில்லை என்றால் எழுதும் நேரம் இன்னும் வரவில்லை. வந்தால், ஸ்கோப்பை அரைமணி நேரம் ஓடவிட்டு, எல்லா ப்ரோபையும் (அளக்கும் கம்பி) கழற்றிவிட்டு, ஸ்கோப் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் செல்ஃப் கேலிபரேஷன் ஓட்டுங்கள். ப்ரோபை மாட்டியபடி ஓட்டினால் ஆஃப்செட் (பூஜ்ஜியக் கோட்டின் விலகல்) தப்பாகப் பதிந்துவிடும். அப்புறம் அந்த ஆஃப்செட்டையே பிழை என்று எழுதிக்கொண்டிருப்போம்.

ஃபர்ம்வேர் மேல் அடிக்கடி விழும் பொய்ப்பழி ஒன்று சொல்கிறேன். 50 ஹெர்ட்ஸ், 10 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை. டைம்பேஸ், அதாவது திரையின் நேர அளவு, கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட், திரையில் 10 கட்டம். ஆக 50 மில்லிசெகண்ட், அதாவது இரண்டரைச் சுற்று. ஏறுமுக டிரிகர் (அலை ஏறும்போது திரையில் அதை நிறுத்திப் பிடிக்கும் இடம்) பூஜ்ஜியத்தில், டிரிகர் புள்ளி திரையின் நடுவில் என்றால் சராசரி அளவீடு 0 காட்டும். அதே புள்ளியை இடது ஓரத்துக்குத் தள்ளுங்கள், 1.27 வோல்ட் காட்டும்! அலை மாறவில்லை, குமிழைத் திருப்பியதும் அளவு மாறிவிட்டது. பார்க்கிறவருக்குப் பக்கா ஃபர்ம்வேர் பிழை மாதிரிதான் தோன்றும். நடந்தது வேறு. இரண்டு முழுச் சுற்றும் கழிந்து போக, மிஞ்சிய அரைச் சுற்றின் பரப்பு மொத்த நேரத்தால் வகுபடுகிறது. சராசரியைத் திரை முழுக்க எடுக்காமல் சுற்றுக் கணக்கில் எடுக்கும் தேர்வை மெனுவில் போட்டால் 0 வரும். அதிலும் 1.27 நின்றால், அப்போது எழுதுங்கள்.

இன்னொன்று மெமரி. 10,000 புள்ளி மெமரியை வைத்துக்கொண்டு கட்டத்துக்கு 100 மில்லிசெகண்ட் போட்டால் விநாடிக்கு 10,000 சாம்பிள்தான் (அலையை அளந்தெடுக்கும் மாதிரி) கிடைக்கும். அதில் 9.99 கிலோஹெர்ட்ஸ் அலை அழகான 10 ஹெர்ட்ஸ் அலையாகத் தெரியும். ஒரே ஏடிசியை (அலையை எண்ணாக மாற்றும் சில்லு) சேனல்கள் பங்குபோடும் மாடல்களில், ஒரு சேனலுக்கு விநாடிக்கு 1 கிகா சாம்பிள் என்றால் நான்கையும் போட்டதும் 250 மெகாதான். எழுதும்போது திரையில் அந்த நேரத்தில் தெரிந்த சாம்பிள் வேகத்தைக் கட்டாயம் குறியுங்கள்.

லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

நம் நாட்டுக்கென்றே ஒரு பொய்ப்பழி இருக்கிறது அண்ணே. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் வைத்த விண்டோஸில் தசமக் குறி காற்புள்ளி. ஸ்கோப் எழுதும் சிஎஸ்வி கோப்பிலோ (அளவுகளை வரிவரியாக எழுதும் எழுத்துக் கோப்பு) தசமத்துக்குப் புள்ளி, பத்தி பிரிக்கக் காற்புள்ளி. எக்செலில் திறந்தால் நேரமும் வோல்ட்டும் ஒரே பத்தியில் ஒட்டிக்கொண்டு வரும், எண்ணெல்லாம் எழுத்தாக நிற்கும். "ஏற்றுமதி கெட்டுவிட்டது" என்று எழுதாதீர்கள். கோப்பை நோட்பேடில் திறந்து முதல் 5 வரியைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றம் எக்செலின் அமைப்பில்தான்.

ஐ2சி (சில்லுகள் பேசிக்கொள்ளும் இரு கம்பி இணைப்பு) டிகோடிலும், அதாவது அந்தப் பேச்சை ஸ்கோப் படித்துக் காட்டுவதிலும், இப்படி ஒன்று. 24சி02 ஈப்ராம் என்ற நினைவகச் சில்லின் முகவரி ஹெக்ஸில் 50 என்று எதிர்பார்த்து, ஏ0 வந்தால் பிழை இல்லை. படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் பிட்டையும் சேர்த்து 8 பிட்டாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பீனிக்ஸ், டர்பன்

எழுதும் விதம் பற்றி. ஒரு கடிதத்தில் ஒரே பிழை. மூன்றைச் சேர்த்து எழுதினால் சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் மூடிவிடுவார்கள்.

தலைப்பில் மாடலும் ஃபர்ம்வேர் எண்ணும் வரட்டும். சிஸ்டம் தகவல் திரையில் உள்ள போர்டு எண், சீரியல் எண், போட்டிருக்கும் ஆப்ஷன்கள் எல்லாம் உள்ளே. திரையைப் பார்த்துக் கையால் நகலெடுக்க வேண்டாம். கணினியிலிருந்து ஐடிஎன் கட்டளை (கருவி தன்னை யாரென்று சொல்ல வைப்பது) அனுப்பினால் மாடல், சீரியல் எண், ஃபர்ம்வேர் எண் ஒரே வரியில் வரும், அதை அப்படியே ஒட்டுங்கள்.

பிறகு படிகள். "டிகோட் சில சமயம் தொங்குகிறது" என்று எழுதினால் பதிலே வராது. இப்படி எழுதலாம்:

"டிஃபால்ட். சேனல் 1, கட்டத்துக்கு 500 மில்லிவோல்ட். முன்பக்க 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் ப்ரோப். டைம்பேஸ் 200 மைக்ரோசெகண்ட். சிங்கிள் (ஒரே ஒருமுறை பிடித்து நிற்கும் பட்டன்) அழுத்தவும். நின்றதும் டைம்பேஸை 50 மில்லிசெகண்டுக்குத் திருப்பவும். எதிர்பார்த்தது: நின்ற அலை சுருங்கித் தெரிய வேண்டும். நடந்தது: பட்டன்கள் வேலை செய்யவில்லை, விசிறி மட்டும் ஓடுகிறது. 10 தடவையில் 7 தடவை."

ஸ்கோப்பின் சொந்த சதுர அலையில் கோளாறைக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எதிர்முனையில் இருப்பவரிடம் உங்கள் போர்டு இல்லை, ஆனால் அதே ஸ்கோப் மேசையில் இருக்கும். படிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எதை நீக்கியதும் கோளாறு போகிறதோ அதுதான் சாவி. "10 தடவையில் 7" என்ற எண்ணும் முக்கியம். இல்லாவிட்டால் அவர் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு "எங்களுக்கு வரவில்லை" என்று முடித்துவிடுவார்.

இணைக்க வேண்டியவை: செட்டப் கோப்பு, ஸ்க்ரீன்ஷாட், 20 விநாடிக்குள் ஒரு வீடியோ. வீடியோவில் பட்டனை அழுத்தும் விரலும் திரையும் சேர்ந்து தெரியட்டும். அளவீடு தப்பு என்றால் அலைவடிவத்தின் முழு மெமரிக் கோப்பும் வேண்டும். திரையில் தெரிவதை மட்டும் சேமித்த கோப்பு உதவாது.

ஸ்கோப் தொங்குவது பென்டிரைவ் செருகியிருக்கும்போது மட்டுமா என்றும் பாருங்கள். ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த வேறொன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி சொன்னதோடு மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லோட் ஷெடிங்குக்காக (முறைவைத்த மின்வெட்டு) வாங்கிய மலிவான இன்வெர்ட்டர் பலர் வீட்டில் இன்னும் இருக்கிறது. சைன் அலைக்குப் பதில் படிக்கட்டு போன்ற அலை தரும் ரகமாக இருந்தால் திரையின் அடிக்கோட்டில் முள்முள்ளாக இரைச்சல் ஏறும், டிரிகர் தாவும். நேரடி மின்சாரத்தில் ஒருமுறை சோதித்து, எதில் சோதித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். லைன் டிரிகர் (மின்சார அலையையே பிடித்து ஓடுவது) பற்றிய புகார் என்றால் அந்த வரி இல்லாமல் அனுப்பவே வேண்டாம்.

இரைச்சலைக் கொல்கிறேன் என்று எர்த் கம்பியை மட்டும் கழற்றாதீர்கள். ஸ்கோப்பின் உலோகம் எல்லாம் லைவ் ஆகி, தொட்டால் ஷாக் அடிக்கலாம்.

ஃபர்ம்வேர் ஏற்றும்போது கதை தலைகீழ்: யூபிஎஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பாதியில் கரண்ட் போனால் ஸ்கோப் எழுந்திருக்காமலே போகலாம். பழைய பதிப்புக்குத் திரும்ப விடாத மாடல்களும் உண்டு, ஆகவே ஏற்றும் முன்பே இப்போதைய பதிப்பில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

நேரக் கணக்கு விட்டுப்போயிற்று. கம்பெனி சீனாவில் என்றால் அவர்கள் நமக்கு 6 மணி நேரம் முந்தி. இங்கே காலை 11 மணிக்கு அங்கே மாலை 5. காலை 8 மணிக்குள் அனுப்பினால் அன்றே யாராவது பார்க்க வாய்ப்புண்டு. சீனப் புத்தாண்டிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் பதிலை எதிர்பார்க்க வேண்டாம். உள்ளூர் விற்பனையாளருக்கும் ஒரு நகல் போடுங்கள், வாரண்டிப் பேச்சு வந்தால் தேதி கையில் இருக்கும்.

சோதனைப் பதிப்பு அனுப்பினார்கள் என்றால், ஏற்றியதும் செல்ஃப் கேலிபரேஷன், பிறகு முதல் கடிதத்தில் எழுதிய அதே படிகள், அதே 10 தடவை. "10இல் 0" அல்லது "10இல் 2" என்று அதே கடிதத் தொடரிலேயே பதில் போடுங்கள். புதுக் கடிதம் தொடங்கினால் புதுப் புகார் எண் விழும், பழையது யார் மேசையிலோ கிடக்கும்.