ஓண விடுமுறையில் குமரி மாவட்டத்தில் பூ பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

கேள்வி (பாறசாலையிலிருந்து)

வணக்கம். நாங்கள் கேரள எல்லைக்குள் பாறசாலையில் வாழும் தமிழ்க் குடும்பம். ஓண நாள்களின் தொடக்கமான அத்தம் பிறந்து, முற்றத்தில் பூக்களம் என்னும் பூக்கோலம் இடத் தொடங்கினாலே, எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுக்குக் கடைப்பூ போதாது. செடியிலும் கொடியிலும் குளத்திலும் நிற்கும் பூவைப் பார்க்க வேண்டும் என்பார். இவ்வாண்டு இரண்டு நாள் கிடைக்கிறது. முதல் நாள் காலையில் தோவாளைப் பூச்சந்தை, பிறகு தேரூர்த் தாமரைக் குளம், மாலையில் கடற்கரை. மறுநாள் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல் என்று நினைத்திருக்கிறேன். இந்த வரிசை சரியா? கடற்கரையிலும் பார்க்கத்தக்க பூ உண்டா?

மறுமொழி 1 (நாகர்கோவில்)

இடங்களை நன்றாகத் தேர்ந்திருக்கிறீர்கள். நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். தாமரை விடியலில் விரிந்து, வெயில் ஏற ஏறக் கூம்பத் தொடங்கிவிடும் என்பதால், சந்தையை முடித்துவிட்டு நண்பகலை ஒட்டித் தேரூருக்குப் போனால் இலைப்பரப்பும் பாதி மூடிய பூக்களுமே கிடைக்கும்.

கடற்கரைப் பூவும் அப்படித்தான். சொத்தவிளைப் பக்கம் மணல்மேடுகளில் படரும் அடும்பங்கொடி, ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலைகளுக்கு நடுவே, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் வடிவப் பூக்களைக் காலையில் விரிக்கிறது. பிற்பகலில் அவை சுருண்டுவிடுகின்றன. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் விரும்பிச் சொன்ன பூ இது. சூரியன் மறைவதைப் பார்க்க மாலையில் வருகிற கூட்டம் இதை மிதித்துக் கடந்துபோவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கொடியின் கணுக்கள்தோறும் வேர் இறங்கி மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே பூக்களத்துக்கென்று அதைப் பிடுங்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். கழிமுகத்தை ஒட்டித் தாழம்புதர்களையும் பார்க்கலாம். ஆனால் மடலின் ஓரங்களில் முள் இருப்பதால் அம்மா கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலைக்கு ஒரு பூ என்று வைத்துக்கொள்வதே நல்லது.

மறுமொழி 2 (செங்கோட்டை)

சூரியகாந்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஆடி மாதத்தில் பூத்து நிற்கும் வயல்கள் பல, ஓணம் ஆவணிக் கடைசியில் வருகிற ஆண்டுகளில், விதை பிடித்துத் தலை கவிழ்ந்துவிடுகின்றன. விதைத்த நாளைப் பொறுத்து வயலுக்கு வயல் வேறுபடும்; எனவே ஊரில் ஒருவரைக் கேட்காமல் அவ்வளவு தொலைவு அம்மாவை அழைத்துவர வேண்டாம். மொட்டுப் பருவத்தில் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் செடி, பூ முதிர்ந்தபின் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். ஆகவே வரும்போது காலையில் வந்து, வயலின் கிழக்கு ஓரத்தில் நின்று பாருங்கள். மொத்த வயலும் உங்களை நோக்கியிருக்கும். வரப்பில் இறங்குமுன் வயல்காரரிடம் அனுமதி கேளுங்கள். படம் எடுப்பதற்காகச் செடிகளை ஒடித்துச் செல்பவர்களால் அவர்களுக்கு உண்மையான இழப்பு ஏற்படுகிறது.

மறுமொழி 3 (தோவாளை)

உத்திராடத்துக்கு, அதாவது திருவோணத்துக்கு முதல் நாளுக்கு, முந்தின இரவு எங்கள் சந்தையில் நடக்க இடமிருக்காது. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் கிரேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் பூக்களத்துக்காக மூட்டை மூட்டையாக எல்லை கடந்து போகும் காட்சி அழகானதுதான். ஆனால் முதியவர்களுக்கு ஏற்றதன்று.

மாணிக்க மாலை கட்டுவதை மட்டும் அம்மாவுக்குக் காட்டாமல் திரும்பாதீர்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, பாய் போலத் தட்டையாகப் பின்னும் இந்த வேலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைகள் வேலை செய்யும் எந்த நேரத்திலும் பார்க்கலாம் என்பதால், பூக்கள் கூம்பிய நடுப்பகலை இதற்கு ஒதுக்குங்கள். புறப்படும்போது பிச்சி மொட்டு வாங்கிக்கொண்டால், அந்தி சாயும் நேரத்தில் அது விரியத் தொடங்கும். வண்டியிலேயே மணம் தெரியும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முந்தின இரவே நாகர்கோவிலில் தங்கி, முதல் நாள் விடியலில் தேரூருக்கும் நடுப்பகலில் தோவாளைக்கும், மறுநாள் காலையில் சொத்தவிளைக்கும் போகிறோம். சூரியகாந்தியை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ள அம்மாவும் சம்மதித்துவிட்டார்.