கரிசல் மண், உவர் தண்ணீர்: நட்டுவிட்டால் பல ஆண்டு நின்று பூக்கும் செடிகள் எவை?

தெற்குவாசல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீட்டின் முன்புறமும் கிழக்குப் பக்கமும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு சென்ட் இடத்தைப் பூச்செடிகளுக்கென்று விட்டிருக்கிறோம். மண் அசல் கரிசல். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, ஐப்பசி மழையில் காலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது.

நாற்றுப்பண்ணையில் பூத்துக் குலுங்கியதைப் பார்த்து வாங்கி வந்த இட்லிப்பூச் செடியில், புதுத் துளிர்களின் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டன. குண்டுமல்லியின் இலை ஓரங்கள் தீயில் வாட்டியது போலக் கருகுகின்றன. துலுக்கச் செவ்வந்தி போல ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக நட வேண்டியவை எங்களுக்கு ஒத்துவராது. மாமியாரின் பூசைக்கு நாள்தோறும் ஒரு கைப்பிடிப் பூ கிடைக்க வேண்டும்; கோடை விடுமுறையில் வீடு பூட்டிக் கிடந்தாலும் செடி செத்துவிடக் கூடாது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை உண்டு, தெருவில் ஆடுகளும் உண்டு என்பதையும் கருத்தில் கொண்டு ஆலோசனை சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான்:

வணக்கம் அம்மா. எந்தச் செடி என்பதைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். நாற்றுப்பண்ணையில் நீங்கள் பார்த்த பூ, நிழல்வலைக்குக் கீழே, நல்ல தண்ணீரிலும் தென்னை நார்க்கழிவிலும் வளர்ந்த செடியின் பூ. அது உங்கள் மண்ணில் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பூவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அடுத்த செடி வாங்குவதற்கு முன் ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு பையில் மண்ணும் எடுத்துக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போய் வாருங்கள். செலவு மிகக் குறைவு. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் மின்கடத்தும் திறன், அதாவது இ.சி. எண், (டெசிசீமன்ஸ்/மீட்டர் அலகில்) 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை இருந்தால் செடியைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். 3-ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் செடிகளைத் தவிர வேறு எதையும் நம்பி இறங்க வேண்டாம்.

இட்லிப்பூவுக்கு வந்திருப்பது நோயல்ல, இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை; சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மையுள்ள கரிசலில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. கேரளத்தின் செம்புரை மண்ணில் வேலி வேலியாகப் பூக்கும் அதே செடி இங்கே சோகை பிடித்து நிற்பதற்குக் காரணம் அதுவே. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மாலை நேரத்தில் இலைகளில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் மாதந்தோறும் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பதால், அதைத் தரையிலிருந்து எடுத்துச் செம்மண் நிரப்பிய தொட்டிக்கு மாற்றிவிடுவதே என் யோசனை.

தரையில் வைக்க முதலில் சொல்ல வேண்டியது அரளி. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில், லாரிப் புகைக்கும் தார்ச்சூட்டுக்கும் நடுவில் அது பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உவர் தண்ணீரும் வறட்சியும் அதற்குப் பெரிய பொருட்டல்ல. பூ புதுக்கிளையின் நுனியில்தான் வரும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை நன்றாக வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் உயரமாகப் போய்க் கைக்கு எட்டாத இடத்தில் பூக்கும்.

அடுத்தது காகிதப்பூ. பூசைக்கு உதவாது, ஆனால் வாசலுக்கு அதைவிட நிறமான செடி இந்த வெயிலில் வேறில்லை. நாம் பூ என்று நினைக்கும் வண்ணப் பகுதி உண்மையில் இலைதான். அதன் நடுவில் குழல் போல இருக்கும் சிறிய வெள்ளைப் பகுதியே பூ. இலையாகவே வளர்ந்து பூக்க மறுத்தால் உரம் போடாதீர்கள், தண்ணீரை நிறுத்துங்கள். இலை வாடித் தொங்கும் வரை காயவிட்டுப் பிறகு தண்ணீர் கொடுத்தால் சில வாரங்களில் நிறம் காட்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செடி எது?

மயில்கொன்றையும் நித்தியகல்யாணியும் உங்கள் மண்ணுக்கு அந்நியமல்ல. நித்தியகல்யாணியைத் தென் மாவட்டங்களில் மருந்துக்காக மானாவாரியாகவே பயிரிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகி ஒரே வாரத்தில் சாய்ந்துவிடும். கடையில் பல நிறங்களில் விற்கும் கலப்பின வகைகளைக் காட்டிலும், பழைய வெள்ளை, ரோஜா நிற நாட்டு வகையே நீடித்து நிற்கிறது. தாய்ச்செடி முதிர்ந்தாலும் காலடியில் உதிர்ந்த விதைகள் முளைத்து இடத்தை நிரப்பிவிடும்.

தோட்டக்கார அத்தை:

கரிசல்காட்டான் அண்ணன் சொன்னவற்றில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடே. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையும் ஆடும் இருக்கும் இடத்தில் அரளியை முதலில் சொல்லிவிட்டு, அதன் நஞ்சைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டதை ஏற்க முடியவில்லை. இலை, பூ, தண்டு, வேர் என எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தை ஒரு இலையை மென்றாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். ஆடு பச்சை அரளியைப் பெரும்பாலும் முகர்ந்துவிட்டு விலகிப் போகும். உண்மையான ஆபத்து, வெட்டித் தெருவோரம் போட்ட கிளைகள் காய்ந்து, மற்ற சருகோடு கலந்து கிடக்கும்போது வருகிறது; காய்ந்த பிறகும் நஞ்சு குறைவதில்லை. எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். நித்தியகல்யாணியும் தின்னத்தக்கதல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எனவே அரளி வேண்டுமானால், குழந்தை புழங்காத பக்கத்தில், உள்மதிலை ஒட்டி வையுங்கள்.

பூசைப் பூவுக்கு நான் முதலில் சொல்வது நந்தியாவட்டையும் சங்குப்பூவும். நந்தியாவட்டையைக் கிழக்குப் பக்கத்தில், பிற்பகல் வெயில் சுவரால் மறையும் இடத்தில் வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். அதிகாலையில் பார்த்தால் முந்தைய நாள் வரை கூம்பியிருந்த மொட்டுகள் சக்கரம் போல விரிந்து, பச்சைக்கு மேல் வெள்ளை தெளித்தாற்போல் நிற்கும். அடுக்கு வகை பார்வைக்கு அழகு. ஆனால் ஒற்றை வகைதான் சளைக்காமல் பூப்பதாக என் அனுபவம். சங்குப்பூ அவரை இனத்துக் கொடி, வேர் ஆழமாக இறங்கும், மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும். காய்களை முற்றவிடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூ நிற்காது.

செம்பருத்தியும் வைக்கலாம், மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டப் பொறுமை இருந்தால். கிளை நுனி சுருண்டு, கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்த உடனே அந்த நுனியை ஒடித்து எடுத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்க வேண்டும். எறும்பு வரிசையாக ஏறினால் பூச்சி வந்துவிட்டது என்றே பொருள்.

ஒன்றை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்: உண்ணிச்செடி. பல நிறத்தில் பூக்கிறது, வறட்சியைத் தாங்குகிறது என்று தொட்டியில் வைத்து விற்கிறார்கள். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது செய்திருக்கும் அழிம்பைப் பார்த்தவர்கள் வீட்டில் வைக்க மாட்டார்கள். பறவை ஒரு பழத்தைத் தின்றால் போதும், விதை எங்கோ போய் முளைத்துவிடும்.

மேட்டுப்பாத்தி:

எந்தச் செடி என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எப்படி நடுவது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் கரிசலில் பாதிச் செடிகள் நடும் முறையால்தான் போகின்றன.

கரிசலில் பள்ளம் தோண்டி நட்டால் மழைக்காலத்தில் அந்தப் பள்ளம் தொட்டியாகிவிடும், தண்ணீர் இறங்காது. தரைக்கு மேல் முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழுப்பி நடுங்கள். ஆற்று மணலைக் கலந்தால் இளகும் என்று சொல்வார்கள். சிறிதளவு மணல் கலந்து பயனில்லை, மக்கிய சாணமும் இலைமக்கும்தான் கரிசலைப் பொலபொலப்பாக்கும். வாங்கி வந்த செடியின் வேரைச் சுற்றி நார்க்கழிவு இருந்தால், அது ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் மீண்டும் எளிதில் நனையாது. சுற்றிலும் கரிசல் ஈரமாக இருக்க, நடுவில் வேர்ப்பந்து மட்டும் உலர்ந்து செடி வாடும். ஆகவே நடுவதற்கு முன் வாளித் தண்ணீரில் வேர்ப்பந்தை மூழ்கவைத்து, குமிழி அடங்கிய பிறகு எடுத்து, வெளிப்புற நாரை மெதுவாக உதிர்த்துவிட்டு நட வேண்டும். காகிதப்பூவுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், அதன் வேர் சட்டென்று ஒடியும். பையைக் கிழித்து மண்கட்டி கலையாமல் அப்படியே இறக்குங்கள்.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசித் தொடக்கம். வடகிழக்குப் பருவமழைதான் உங்கள் பகுதிக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீர். அது வேரைப் பிடிக்கவைக்கும், தேங்கிய உப்பையும் கழுவி இறக்கும். தை மாசியில் நட்டால் செடி வேர்விடுவதற்குள் கோடை வந்துவிடும்.

உவர் தண்ணீரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு மேல்மண்ணிலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு, கொடுக்கும்போது ஆழமாக இறங்கும்படி கொடுங்கள், இலை நனையாமல். சொட்டுநீர் போட்டால் ஈர வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு சேரும்; கோடையில் ஒரு சிறு தூறல் விழுந்தால் அந்த உப்பு அப்படியே வேருக்குள் இறங்கிவிடும். மழை பெய்கிறதே என்று சொட்டுநீரை நிறுத்தாமல், தூறல் நாளில் கூடுதலாக ஓடவிடுவதுதான் சரி. பாத்தியின் மேல் தென்னை மட்டையோ சருகோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் வெடிப்பும் குறையும், உப்பு மேலேறுவதும் குறையும்.

குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் கல்வாழை வையுங்கள். வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை, தானே பெருகும்.

தெற்குவாசல்:

மூவருக்கும் மிக்க நன்றி. அரளியைக் கொல்லைப்புற மதிலோரம் மட்டும் வைப்பதென்றும், முன்புறத்தில் நந்தியாவட்டை, சங்குப்பூ, மயில்கொன்றை, வாசல் வளைவுக்குக் காகிதப்பூ என்றும் முடிவு செய்திருக்கிறோம். மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மல்லிகை இல்லாத வீடா என்று மாமியார் வருந்துகிறார். அதை விட்டுவிடத்தான் வேண்டுமா?

தோட்டக்கார அத்தை:

விட வேண்டாம் அம்மா, தரையிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். ஒன்றரை அடி அகலமுள்ள இரண்டு சிமெண்ட் தொட்டிகளில், அடியில் துளை அடைபடாமல் ஓட்டுச்சில்லு போட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பிக் குண்டுமல்லியை மாற்றுங்கள். அதற்கு மட்டும் மழைத் தண்ணீர். 2003-இலிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் மொட்டைமாடியிலிருந்து குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கும்; அது குழிக்குள் போகும் முன் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 900 லிட்டர் வரும். இரண்டு தொட்டிச் செடிகளுக்கு அது தாராளம். வெயில் படாமல் மூடி வைத்தால் பாசி பிடிக்காது, கொசுவும் வராது.

நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேலிருக்கும் கிளைகளை வெட்டி, மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். மாமியார் பார்த்தால் மனம் பதறுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பங்குனியில் அவரே தொடுக்க நேரமில்லை என்பார்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்த இரண்டு தொட்டிகளை மட்டும் நிழலுக்கு நகர்த்தி, பக்கத்து வீட்டாரிடம் மூன்று நாளைக்கு ஒரு வாளி ஊற்றச் சொல்லுங்கள். தரையில் நிற்பவற்றுக்குப் புறப்படும் முதல் நாள் ஆழமாகத் தண்ணீர் பாய்ச்சிச் சருகு மூடிவிட்டால் போதும். ஆனால் வேர் ஆழம் போகாத முதல் ஆண்டுக் கோடையில் மட்டும், வாரம் ஒருமுறை அவற்றுக்கும் தண்ணீர் விட ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.