தினமும் ஓட்ட ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கியவர்கள், வாங்கி விற்றவர்கள் எழுதுங்கள்

அடையாறு, சென்னை. போர்ஷே 911 கரேரா, செகண்ட் ஹேண்ட்

தினமும் வேலைக்குப் போக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். வைத்திருப்பவர்களும் வைத்திருந்து விற்றவர்களும் உங்கள் அனுபவத்தைச் சேருங்கள்.

என்னுடையது 2017 மாடல். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 370 குதிரைத்திறன். நாலு வருடமாக வாரத்தில் ஆறு நாள் அம்பத்தூருக்குப் போய் வருகிறேன். வீட்டில் ஒரு ஸ்விஃப்ட்டும் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் வரும்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது 0-100 எத்தனை விநாடி என்பதைத்தான். நானும் அதைத்தான் பார்த்தேன். ஆனால் இந்தக் காரோடு தினமும் குடித்தனம் நடத்த முடியுமா என்பதை உங்கள் வீட்டு கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் உள்ள தெருதான் முடிவு செய்யும். விற்றவர் ஈ.சி.ஆரில் டெஸ்ட் டிரைவ் கொடுத்தார். ஈ.சி.ஆரில் எந்தக் காரும் அழகாகத்தான் ஓடும். "சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், என் தெருவுக்கு ஒரு தடவை கொண்டுவர முடியுமா?" என்று கேட்டேன். நல்ல மனிதர், கொண்டுவந்தார். எங்கள் தெருவில் நாலு ஸ்பீடு பிரேக்கர். இரண்டாவதில்தான் எனக்கு நெஞ்சு படபடத்தது.

வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர் அமைப்பு வகுத்த அளவு. அந்த அளவில் கட்டினால் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் மெதுவாக ஏறி இறங்கிவிடும். தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டிக் குவித்ததுதான் ஆபத்து: உயரம் அதே, அகலம் இரண்டு அடி. இதில் 911க்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,450 மில்லிமீட்டர்தான். எங்கள் ஸ்விஃப்ட்டுக்கும் அச்சு அசலாக அதே 2,450. சக்கர இடைவெளி குறைய குறைய மேட்டில் வயிறு தட்டும் வாய்ப்பும் குறையும். அகலத்திலும் இன்னோவா கிரிஸ்டாவை விட இரண்டு சென்டிமீட்டர் குறைவுதான். உயரம் குறைவாக இருப்பதால் பார்க்கப் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

முன்பக்கம்தான் கவனம். மூக்கை 40 மில்லிமீட்டர் தூக்கும் வசதி இந்த மாடலில் ஆப்ஷன். பட்டனை அழுத்தினால் ஐந்து விநாடியில் எழும்பி நிற்கும். முதல் உரிமையாளர் அதைக் கேட்டு வாங்கியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அது இல்லாத காரை, விலை எவ்வளவு குறைந்து வந்தாலும், சென்னையில் தினமும் ஓட்ட வாங்காதீர்கள். இது என் உறுதியான கருத்து. பட்டன் இருந்தாலும் மேட்டை நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னே ஒரு சக்கரம் பின்னே என்று ஏறப் பழகிக்கொள்ளுங்கள்.

விற்றவர் தெருவுக்குக் காரைக் கொண்டுவந்த அன்றைக்கே அம்மாவையும் உட்காரவைத்துப் பார்த்தேன். அவருக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. காலை முதலில் உள்ளே வைக்கப் போனார், முடியவில்லை. பிறகு வாசல் திண்ணையில் உட்காருவது மாதிரி முதுகு உள்ளே இருக்க உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பினார். "இறங்கறப்ப நீ கை குடுக்கணும்டா" என்றார். இன்றுவரை கை கொடுக்கிறேன். வாங்கும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர்களை இப்படி ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அவர்கள் ஏற முடியாத காரை ஆறே மாதத்தில் விற்றுவிடுவீர்கள்.

பராமரிப்பில் யாரும் சொல்லாத ஒரு விஷயம். இந்தக் காருக்கு எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன்னால். பம்பரின் இரண்டு மூலையிலும் வாய் மாதிரித் திறந்திருக்கும் இடங்களுக்கு உள்ளே ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்ஸரும் இருக்கின்றன. நான் வாங்கி ஒரு வருடம் கழித்து ஒரு மே மாதத்தில் ஏ.சி. குளிர்வது குறைந்தது. கேஸ் நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினேன், சரியாகவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் பம்பரைக் கழற்றினார். வலது மூலையில் தூங்குமூஞ்சி மர இலைகள் ஈரத்தோடு மக்கி, கைப்பிடி அளவுக்குப் பாய் மாதிரிப் படிந்திருந்தன. நடுவே ஒரு பால் கவர், சிவப்பு எழுத்துகூட அழியவில்லை. அந்த ஈரம் அப்படியே கிடந்தால் கண்டென்ஸர் அரித்து ஓட்டை விழும். இரண்டு விரலால் இலைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார், பிரஷ்கூடப் போடவில்லை. "ஃபின் மடங்கிடும் சார்" என்றார். ஃபின் என்றால் அதன் மேல் இருக்கும் மெல்லிய தகடுகள். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை, கோடைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். மரங்கள் உள்ள தெருவில் நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டயர். முன்னால் 235, பின்னால் 295 மில்லிமீட்டர் அகலம், அதனால் ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றிப் போட முடியாது. ஸ்டெப்னி கிடையாது, ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் பம்ப்பும்தான். ஆணி குத்தினால் அது போதும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. ஒரு ராத்திரி ஓ.எம்.ஆரில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கி, பின் டயரில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு வந்துவிட்டது. அந்த அளவு டயர் ஊரில் ஸ்டாக் இல்லை. பதினொரு நாள் கார் ஜாக்கில் நின்றது, நான் ஸ்விஃப்ட்டில் போனேன். இப்போது முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, வீட்டில் கறுப்பு கவரில் சுற்றி வைத்திருக்கிறேன். போர்ஷேவுக்கென்று சோதித்த டயர்களில் பக்கச்சுவரில் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

பாடி–அம்பத்தூர் நெரிசலில் ஓட்டுவது கஷ்டமா என்றும் கேட்கிறார்கள். இதன் பி.டி.கே. என்ற தானியங்கி கியர்பாக்ஸில் கிளட்ச் மிதி இல்லை, ஆனால் உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கின்றன. இன்ச் இன்ச்சாக ஊர்ந்தால் அவை உரசிக்கொண்டே சூடாகும். முன்னால் ஒரு கார் நீளம் இடம் கிடைக்கும்வரை பிரேக்கில் நில்லுங்கள், பிறகு சட்டென்று நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

மழைக்கு நான் ரிஸ்க் எடுப்பதே இல்லை. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, அன்று மதியமே நான் 911ஐ ஒரு நண்பர் அபார்ட்மென்ட்டின் முதல் மாடி பார்க்கிங்கில் ஏற்றிவிட்டேன். எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவில் இன்னொரு கார் வாங்கலாம்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் தினமும் ஓட்ட வேண்டும்? காலை ஆறே காலுக்கு ஸ்டார்ட் செய்ததும் முதல் ஒரு நிமிடம் எஞ்சின் கொஞ்சம் கரகரப்பாகப் பேசிவிட்டு அடங்கும். அந்தச் சத்தம் எனக்குக் காபி மாதிரி. ஞாயிற்றுக்கிழமைக்காக அதை ஒளித்துவைக்க என்னால் முடியாது.

•

கோயம்புத்தூர். பி.எம்.டபிள்யூ எம்340ஐ

அண்ணா எழுதினதை அப்படியே ஒத்துக்கறேனுங்க. நான் மொதல்ல இரண்டு சீட் கார்தான் வாங்கப் போனேன். எங்க வீடு ரோட்டை விட ரெண்டரை அடி உசரம், கேட்டுலிருந்து போர்ட்டிகோவுக்குச் செங்குத்தா ஒரு சரிவு. அட்டையை வெட்டி, காரோட மூக்கு அளவுக்கு ஒட்டி, சரிவுல வெச்சுப் பார்த்தோம். அட்டை மடங்குச்சு. சரிவை உடைச்சுக் கட்டலாம்னா தெருவுல நாலடி வெளிய வரணும், அது தப்பு.

அதனால நாலு கதவு. மூணு லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் பவர். 100 தொட 4.4 விநாடின்னு கம்பெனி சொல்லுது. சென்னை பக்கத்துல மஹிந்திரா வேர்ல்டு சிட்டி பிளான்ட்டுல அசெம்பிள் பண்றதால முழு இறக்குமதி வரியும் இல்லீங்க. ஆனா புதுக் கார் 20 லட்சத்துக்கு மேலன்னா நம்ம மாநிலத்துல வாழ்நாள் வரி மட்டும் 20 சதவீதம். ஷோரூம் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டுடாதீங்க.

ஆழியாறுலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. குடும்பத்தோட, பெட்டி படுக்கையோட, மூணு தடவை ஏறியிருக்கேன். ஒரு தடவைகூட இரண்டு சீட் கார் வாங்கலையேன்னு தோணலீங்க.

•

ஸ்கார்பரோ, டொராண்டோ. டொயோட்டா ஜி.ஆர். சுப்ரா, இப்ப இல்லை

நான் மூண்டு வருசம் சுப்ராவைத்தான் ஒவ்வொரு நாளும் ஓடினனான். இஞ்சத்தைய பிரச்சினை வேற. வேகத்தடை இல்லை, குளிர்தான்.

கோடை டயரின்ர ரப்பர் 7 பாகைக்குக் கீழ போனால் இறுகிப் போயிடும். சினோ (பனி) விழவே தேவையில்லை. ஒரு ஒக்டோபர் விடியப்புறம், காய்ஞ்ச ரோட்டில, 401 ஹைவேக்கு ஏறுற வளைவில மெதுவாத்தான் மிதிச்சன். பின்பக்கம் அப்பிடியே வழுக்கிக் கொண்டு போச்சுது. கடவுளேயெண்டு பக்கத்தில ஒரு வாகனமும் இல்லை. அண்டைக்குப் பின்னேரமே வின்ரர் டயருக்கு ஓடர் குடுத்திட்டன். ஒண்டாரியோவில வின்ரர் டயர் போட்டால் இன்சூரன்ஸ்காரர் கழிவு (தள்ளுபடி) தரவேணும் எண்டு 2016இல இருந்து விதி இருக்கு, கேட்டு வாங்குங்கோ.

டயர் போட்டாப் பிறகு கார் சினோவில நல்லா ஓடிச்சுது, பொய் சொல்லேல்லை. ஆனால் றோட்டில சினோவை வழிச்சுக் கொண்டு போற வண்டி வீட்டு வாசலில விட்டிட்டுப் போற சினோ வரம்பு, அதைச் சவளால வெட்டாமல் சுப்ரா வெளிய வராது. விடிய அஞ்சு மணி வேலைக்கு நாலு மணிக்கே எழும்பி வெட்டினனான்.

இன்னொண்டு, பெடியள் கேளுங்கோ. வேக எல்லை 80க்குக் குறைஞ்ச றோட்டில எல்லையை விட 40 கூடுதலா ஓடினால் இஞ்ச அது ஸ்டண்ட் டிரைவிங் எண்ட குற்றம். அந்த இடத்திலயே காரை 14 நாளைக்குத் தூக்கிக் கொண்டு போவினம், லைசென்சும் 30 நாள் போயிடும். 60 றோட்டில 100 வாறதுக்கு இந்தக் காருக்கு ஒரு மூச்சு போதும். ஒவ்வொரு நாளும் வேலைக்கு ஓடுறவனுக்கு லைசென்ஸ் போனால் சம்பளமும் போகும்.

மகள் பிறந்தாப் பிறகுதான் வித்தனான். இரண்டு இருக்கை, பிள்ளையின்ர சீற்றைப் போட்டால் மனிசிக்கு இடமில்லை. வாங்க வந்த பெடியன் சாவியை வாங்கினாப் பிறகு நான் கராஜுக்குள்ள கொஞ்ச நேரம் சும்மா நிண்டனான்.

•

சிங்கப்பூர். போர்ஷே 718 கேமன்

இங்கே தெரு கண்ணாடி மாதிரி, ஆனால் விரைவுச்சாலையிலேயே உச்ச வேகம் 90தான். விலைதான் மலை. கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றான சி.ஓ.இ. பத்து வருடத்துக்கு மட்டும். அதற்கு மேல் கூடுதல் பதிவுக் கட்டணம், காரின் சந்தை மதிப்பு 80,000 வெள்ளியைத் தாண்டும் பகுதிக்கு 320 சதவீதம். இவ்வளவு கொடுத்துவிட்டு வாரம் ஒரு நாள் எடுத்தால் ஒவ்வொரு நாளும் காசு கரையும். அதனால்தான் நான் தினமும் ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை மலேசிய நெடுஞ்சாலைக்குப் போவேன். புறப்படும்போது டாங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம், புதிதாக வந்தவர்கள் மறந்துவிடாதீர்கள்.

•

அடையாறு, மீண்டும்

ஸ்கார்பரோ தம்பி, கராஜில் நின்றதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. மகள் வளரட்டும், நேரம் வரும்.

தனிச் செய்தியில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: ஒரே காராக 911 மட்டும் போதுமா, வீட்டில் இருக்கும் சின்னக் காரை விற்றுவிடலாமா என்று. விற்காதீர்கள் தம்பி. டயருக்குக் காத்திருந்த அந்தப் பதினொரு நாளும், மழை எச்சரிக்கை வந்த நாளும், வீட்டில் இன்னொரு கார் இருந்ததால்தான் நான் பதறாமல் இருந்தேன். காசு போதாவிட்டால் 911இல் ஒரு மாடல் பழையதாக இறங்குங்கள், இரண்டாவது காரை விடாதீர்கள்.

உங்கள் தெரு மடிப்பாக்கத்தில் என்றீர்கள். நாளை மறுநாள் காலை ஆறரைக்கு வருகிறேன், ஒரு டேப் எடுத்து வையுங்கள். கேட் சரிவையும் முனையில் இருக்கிற அந்த ஸ்பீடு பிரேக்கரையும் முதலில் அளப்போம். அப்பாவையும் எழுப்பி வையுங்கள், ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.