மறுமொழி: ‘மதுவிலக்கு’ வேண்டாம், ‘குடியாமை’ வைக்கலாம் – கல்லீரல் மருந்தாய்வுச் சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மதுவால் கல்லீரல் கெட்டவர்களிடம் நடத்தும் மருந்தாய்வின் நெறிமுறையை, அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்ற திட்ட ஆவணத்தைத் தமிழில் எழுதினால் எந்தச் சொல் தகராறு செய்யும் என்று இழையில் கேட்டிருந்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல்போல் குழுக்களாகப் பிரிக்கும் ‘சமவாய்ப்பு’, மருந்தில்லாமல் மருந்துபோலத் தரும் ‘மருந்துப்போலி’ இரண்டும் நிலைத்துவிட்டன, அவற்றைக் கிளற வேண்டாம். நோயின் பெயருக்கு ‘மதுசார் கல்லீரல் நோய்’ போதும். ‘குடிகாரர்’ என்ற வாடை அதில் இல்லை. ஆங்கிலத்திலும் மருத்துவச் சங்கங்கள் அந்த வாடையை நீக்கத்தான் நோயின் பெயரை மாற்றின.

தகராறு, ஆய்வு எதை அளந்து முடிவு சொல்கிறது என்ற இடத்தில்தான். அதை ‘இறுதிப்புள்ளி’ என்று எழுதி வருகிறோம். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிகளைப் பற்றிய ஆவணத்தில் ‘இறுதி’ என்றாலே படிப்பவர் சாவைத்தான் நினைப்பார். பல நேரம் அளப்பதும் சாவைத்தான், ஆனால் எப்போதும் அல்ல. ‘முடிவளவை’ என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். அப்படி அளப்பவற்றில் ஒன்று, நோயாளி மது குடிக்காமல் இருக்கும் நிலை. அதற்குத்தான் ‘குடியாமை’ என்று முன்மொழிந்திருந்தேன்.

> ‘குடியாமை’ செயற்கையாக இருக்கிறது. ‘மதுவிலக்கு’ வேண்டாம் என்றால் ‘மது தவிர்ப்பு’ போதாதா ஐயா?

மதுவிலக்கு அரசு போடும் சட்டம். ‘நோயாளிக்கு ஆறு மாதம் மதுவிலக்கு’ என்று எழுதினால் காவல்துறை வந்து நிற்பதுபோல இருக்கும். ‘தவிர்ப்பு’ நல்ல சொல்தான். ஆனால் அதில் முயற்சி இருக்கிறது. மஞ்சள் காமாலையோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வாரம் கிடந்தவர் எதையும் தவிர்க்கவில்லை, குடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆய்வுக்கு வேண்டியது இந்த வெறும் நிலையைக் குறிக்கும் பெயர். கொல்லாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்று பழைய தமிழ் நிலையைச் சொல்லும் முறை அதுவே. ‘குடியாத நாள்’, ‘குடியாதவர்’ என்று அட்டவணைத் தலைப்புக்கும் எளிதில் வளைகிறது. ஆமை நகைச்சுவையை யாராவது எழுதத்தான் போகிறீர்கள். பொறாமையும் கல்லாமையும் அதைத் தாங்கிக்கொண்டதுபோல் இதுவும் தாங்கும்.

ஆனால் சொல்லை வைத்துவிட்டால் வேலை முடியாது. குடியாமையை எப்படி அறிந்தோம் என்பதும் கூடவே வர வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. நாட்காட்டியை முன்னால் வைத்து, எந்த நாளில் எவ்வளவு என்று நோயாளியையே நினைவுகூரச் செய்து குறிப்பது ஒன்று. இரத்தத்திலோ சிறுநீரிலோ மதுவின் தடத்தைத் தேடுவது மற்றொன்று. முன்னதில் கிடைப்பதைச் ‘சொல்வழிக் குடியாமை’ என்றும், பின்னதைத் ‘தடவழிக் குடியாமை’ என்றும் பிரிக்கலாம். கல்லீரல் நோயாளியிடம் இந்தப் பிரிவைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. கல்லீரல் மாற்று அறுவைப் பட்டியலில் இடம் போய்விடுமோ என்று அஞ்சுபவர், குடித்ததை மருத்துவரிடம் சொல்ல ஏன் முன்வர வேண்டும்?

தடம் என்றால் எந்தத் தடம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் கல்லீரல் நொதிகளான ஜிஜிடி, ஏஎஸ்டி ஆகியவற்றின் அளவுகள் நோயாலேயே ஏறியிருக்கும், குடியைப் பற்றிச் சாட்சி சொல்ல அவற்றுக்குத் தகுதியில்லை. பாஸ்ஃபாடிடில் எத்தனால் அப்படியல்ல. மதுவிலுள்ள எத்தனால் உடலில் இருந்தால் மட்டுமே இரத்தச் சிவப்பணுச் சவ்வில் உருவாகும், இரண்டு முதல் நான்கு வாரம் வரை கண்டுபிடிக்கலாம். மில்லிலிட்டருக்கு 200 நானோகிராமுக்கு மேல் போனால் மிகையாகக் குடித்திருக்கிறார் எனக் கொள்கிறார்கள். 20-க்குக் கீழே இருந்தால் குடிக்கவில்லை, அல்லது மிகக் குறைவாகக் குடித்தார். இந்த ‘அல்லது’வை ஆவணத்தில் விழுங்கிவிடக் கூடாது. இன்னொன்று: இரத்தக்கசிவோடு வரும் சிரோசிஸ் நோயாளிக்கு இரத்தம் ஏற்றுவார்கள். இரத்தம் கொடுத்தவர் குடித்திருந்தால் அந்தத் தடம் நம் நோயாளியின் கணக்கில் விழ வாய்ப்புண்டு. சிறுநீரில் தேடும் எத்தில் குளுகுரோனைடு சில நாள்களை மட்டுமே காட்டும், சிறுநீரகம் பழுதானால் அதிலும் குழப்பம்.

> குறைத்துக் குடிப்பவரை எங்கே வைப்பது? குடியாமை ஒன்றையே அளவையாக்கினால் நாளுக்கு 120 கிராம் தூய ஆல்கஹாலிலிருந்து 30-க்கு இறங்கியவரும் தோற்றவர்தானே?

நல்ல கேள்வி அம்மா. இந்த இழையிலேயே இதுதான் கடினமானது. குடியை விட முடியாத நிலையான குடிநோய்க்கான மருந்தாய்வுகளில் ‘குடிகுறைப்பு’ம் அளவையாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை அதற்கு இடம் கொடுக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இடர்நிலைகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் மிக உயர்ந்த இடர், 40 வரை தாழ்ந்த இடர். பெண்ணுக்கு அவை 60, 20. எத்தனை படி இறங்கினார் என்று எண்ணலாம். ஆனால் ‘தாழ்ந்த இடர்’ என்பது பொதுமக்களை வைத்துச் சொன்னது. வயிற்றில் நீர் கோத்த சிரோசிஸ்காரருக்கு 30 கிராமும் தாழ்ந்ததல்ல. கல்லீரலில் கொழுப்பேற்றம் மட்டும் உள்ளவருக்குக் குறைப்பே கண்கூடான பலன் தரலாம். ஆகவே முடிவளவையை நோயின் கட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. முற்றிய சிரோசிஸில் குடியாமையை முதன்மையாக வையுங்கள், குடிகுறைப்பைத் துணையாக எழுதுங்கள். கொழுப்பேற்றத்தில் இரண்டையும் இடம் மாற்றினாலும் எனக்குத் தடையில்லை.

அளவுமீறிக் குடித்த நாளுக்கு ‘மிகுகுடி நாள்’ என்ற சொல்லை எல்லாரும் ஏற்றாயிற்று. எவ்வளவு மிகை என்பதை மட்டும் கிராமில் எழுதுங்கள். மதுவை அளக்கும் ஓர் ‘அலகு’ என்பது பிரிட்டனில் 8 கிராம், அமெரிக்காவில் 14.

இவ்வளவு ஏன் மெனக்கெட வேண்டும் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். குடிநோய் மருந்தாய்வுகள் சிரோசிஸ் உள்ளவரைச் சேர்க்காமல் நெடுங்காலம் ஓட்டின. கல்லீரல் ஆய்வுகளோ குடியை விடாதவரைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. இரண்டு வாசலும் அடைபட்டவர் யாரோ, அவருக்குத்தான் மருந்து வேண்டும். குடியை நிறுத்த உதவும் மருந்துகளில் டைசல்ஃபிராம் கல்லீரலையே தாக்கக்கூடும். நால்ட்ரெக்சோனின் கல்லீரல் நஞ்சு பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை 2013-இல்தான் அமெரிக்காவில் நீக்கப்பட்டது. அகாம்ப்ரோசேட் கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும், ஆனால் முற்றிய சிரோசிஸில் சிறுநீரகமும் தள்ளாடும். இத்தாலியில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று சிரோசிஸ் உள்ள 84 பேரிடம் 12 வாரம் பாக்லோஃபென் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. குடியாமையை எட்டியவர்கள், மருந்து பெற்றவரில் 71 விழுக்காடு, போலி பெற்றவரில் 29. அந்தப் போலிக்குழுவின் 29-ஐயும் கவனியுங்கள். உடம்பு பயமுறுத்தியவுடன் தானாக நிறுத்துபவர் எப்போதும் சிலர் உண்டு, அறிவுரையும் இரு குழுவுக்கும் உண்டு. ஆகவே போலிக்குழு இல்லாமல் ‘எங்கள் மருந்தால் நிறுத்தினார்கள்’ என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மறுபடி குடிக்கத் தொடங்குவதற்கு ‘மறுவீழ்ச்சி’ வேண்டாம். அது நோயாளியைக் கீழே தள்ளிவிட்டுத் தீர்ப்பும் எழுதிவிடுகிறது. ‘மீள்குடி’ என்றால் நடந்தது மட்டும் தெரியும். ஒரு துளி குடித்தாலும் மீள்குடி. மிகுகுடி நாளைத் தொட்டால் ‘மீள்மிகுகுடி’. ஆலோசனை அறையில் ‘சறுக்கல்’ என்று பேசுவது இருந்துவிட்டுப் போகட்டும், நெறிமுறைக்குள் அது வேண்டாம். எவ்வளவு சறுக்கினால் சறுக்கல் என்று யாராலும் வரையறுக்க முடியாது.

கடைசியாக, சொல்லே கிடைக்காத ஒன்று. ஆய்வின் நடுவில் இறந்தவர் பிறகு குடிக்கவே போவதில்லை. அவரை ‘குடியாதவர்’ பட்டியலில் விட்டுவைத்தால், நிறையப் பேரைச் சாகவிட்ட மருந்தும் குடியைக் கட்டுப்படுத்தியதாகத் தெரியும். வராமல் நின்றவரைப் பெரும்பாலும் குடித்தவராகவே கணக்கிடுகிறார்கள். இறந்தவரை அப்படி எழுதுவதும் நியாயமில்லை. புள்ளியியலார் சாவைத் தனி நிகழ்வாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள், அது நடந்தால் மீள்குடி நடக்க வழியில்லை என்பதால். ‘போட்டி நிகழ்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விளையாட்டு விழா அழைப்பிதழ் போலிருக்கிறது. ‘தடுநிகழ்வு’ என்று நான் எழுதிப் பார்த்தேன், தடுப்பூசியின் நினைவு வருகிறது. புள்ளியியல் அறிந்தவர்கள் வேறு ஏதும் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். அதுவரை வரைவில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்