போஸ்ட்கிரெஸ் அரை நிமிடம் உறைந்து நிற்கிறது: டிஸ்க்கை மாற்றலாமா?

பில்கவுண்டர்:
வணக்கம். ஒரு மொத்த விற்பனைக் கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸ் 13 டேட்டாபேஸ், உபுண்டு, 64 ஜிபி ரேம், ரெய்டு கார்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் கார்டு) நான்கு சாட்டா எஸ்எஸ்டி, ரெய்டு 10. காலையில் தொந்தரவே இல்லை. மதியம் கிளைகளிலிருந்து ஸ்டாக் அப்டேட் வந்து குவிந்தால் பில் போடுகிறவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அரை நிமிடம் நிற்கும், தானாக ஓடும், மறுபடி நிற்கும். சிபியு சும்மாதான் இருக்கிறது, ஐஓவெயிட் (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) மட்டும் எகிறுகிறது. டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் யூட்டில் 100. இன்னும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போடச் சொல்லி வெண்டர் விலையும் அனுப்பிவிட்டார். வாங்கிவிடலாமா?

இரவுப்பணி:
கொஞ்சம் பொறுங்கள். எஸ்எஸ்டி, ரெய்டு விஷயத்தில் யூட்டில் 100-ஐ நம்பாதீர்கள். அந்த நேரம் முழுக்க டிஸ்க்கிடம் ஏதோ ஒரு வேலையாவது இருந்தது என்று மட்டும்தான் அது சொல்கிறது. டிஸ்க் திணறுகிறது என்று அர்த்தமில்லை. ரைட் அவைட்டை, அதாவது டிஸ்க்கில் ஒன்றை எழுதி முடிக்க ஆகும் சராசரி நேரத்தை, பாருங்கள். நிற்கிற நேரத்தில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் (ஒவ்வொரு செஷனின் நிலையையும் காட்டும் பட்டியல்) எல்லோரும் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு படம் எடுங்கள். செக்பாயிண்ட் (ரேமில் மாறிய டேட்டாவை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் வேலை) எப்போது நடக்கிறது என்று தெரிய லாக் செக்பாயிண்ட்ஸை ஆன் செய்யுங்கள். 15-ஆம் பதிப்பிலிருந்துதான் அது தானாக ஆனில் இருக்கும்.

குறுக்குவழி:
எஃப்சின்க்கை (டிஸ்க்கில் உண்மையாவே எழுதியாச்சான்னு உறுதி செய்யறது) ஆஃப் பண்ணுங்க, சர்வர் பறக்கும்.

இரவுப்பணி:
பறக்கும். கரண்ட் போகிற அன்று டேட்டாபேஸும் சேர்ந்து பறக்கும். அவசரத்துக்கு ஸ்டாக் அப்டேட் செஷனில் மட்டும் சின்க்ரனஸ் கமிட்டை (ஒவ்வொரு கமிட்டும் டிஸ்க்கில் ஏறும்வரை காத்திருப்பதை) ஆஃப் செய்யலாம். சர்வர் விழுந்தால் கடைசிச் சில கமிட் போகுமே தவிர, டேட்டா கெடாது. பில் போடும் செஷனில் அதையும் தொடாதீர்கள்.

பில்கவுண்டர்:
பார்த்துவிட்டேன். ரைட் அவைட் சாதாரணமாக 1 மில்லிசெகண்டுக்கும் கீழே, நிற்கும்போது 200-ஐத் தாண்டுகிறது. ஒரு செஷன் வால் (டபிள்யூஏஎல், மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) சின்க்கில் நிற்கிறது, மற்றதெல்லாம் அதன் பின்னால் வால் ரைட்டில் வரிசை கட்டி நிற்கின்றன. லாக்கில் "செக்பாயிண்ட் ஸ்டார்ட்டிங்: வால்" என்று வந்துகொண்டே இருக்கிறது. சில சமயம் 30 விநாடிக்குள்ளேயே அடுத்தது வர, ரொம்ப அடிக்கடி நடக்கிறது என்ற எச்சரிக்கையும் விழுகிறது.

இரவுப்பணி:
அப்போது பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அந்த வரியில் "டைம்" என்று வந்திருந்தால் செக்பாயிண்ட் 5 நிமிடக் கணக்கில் ஒழுங்காக நடக்கிறது. "வால்" என்றால் மேக்ஸ் வால் சைஸ் (செக்பாயிண்ட்டுகளுக்கு இடையில் வால் வளரக்கூடிய அளவு) பத்தாமல் அவசரமாக நடக்கிறது. அதன் இயல்பு மதிப்பு வெறும் 1 ஜிபி. இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்கும் பிறகு ஒரு பக்கத்தை முதல்முறை தொடும்போது 8 கேபி பக்கம் முழுவதும் வாலில் எழுதப்படும். பத்து பைட் மாற்றினாலும் அப்படித்தான். அதனால் வால் இன்னும் வேகமாக நிரம்பும், அடுத்த செக்பாயிண்ட் இன்னும் சீக்கிரம் வரும். இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறீர்கள்.

மேக்ஸ் வால் சைஸ் 16 ஜிபி, செக்பாயிண்ட் டைம்அவுட் 15 நிமிடம், கம்ப்ளீஷன் டார்கெட் (செக்பாயிண்ட் எழுதுவதை இடைவெளியில் எவ்வளவு பங்குக்குப் பரப்புவது என்பது) 0.9 என்று வையுங்கள். கடைசியது 13-இல் 0.5, 14-இல் அவர்களே 0.9 ஆக்கிவிட்டார்கள். வால் இருக்கும் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். சர்வர் விழுந்து எழுந்தால் ரெகவரிக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதுதான் விலை.

ரேக்ரூம்:
ரெய்டு கார்டின் பேட்டரியையும் பாருங்கள். அது செத்திருந்தால் கார்டு சத்தமில்லாமல் ரைட் பேக்கிலிருந்து (கார்டின் மெமரிக்கு வந்ததுமே எழுதியாயிற்று என்பது) ரைட் த்ரூவுக்கு (டிஸ்க்கில் ஏறியபிறகே எழுதியாயிற்று என்பது) போய்விடும். அப்புறம் என்ன ட்யூன் செய்தாலும் எழுத்து மெதுவாகத்தான் இருக்கும்.

பில்கவுண்டர்:
பேட்டரி நன்றாக இருக்கிறது. மாற்றங்களைப் போட்டபின் மதிய நேரம் அடங்கிவிட்டது, லாக்கில் இப்போது "டைம்" மட்டுமே. ஆனால் மாலையில் கணக்குப் பிரிவுக்கு எக்ஸ்போர்ட் ஃபைல் எழுதும்போது மட்டும் ஒரு நிறுத்தம் மிச்சமிருக்கிறது. ஃபைல் அதே டிஸ்க்கில்தான் போகிறது.

இரவுப்பணி:
அது லினக்ஸின் வேலை. எழுதியதையெல்லாம் ரேமில் சேர்த்து வைக்கும். 30 விநாடி பழசானாலோ, கிடைக்கும் மெமரியில் 10 சதவீதம் சேர்ந்தாலோதான் டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பிக்கும். உங்கள் 64 ஜிபியில் அது 6 ஜிபி வரை போகலாம். மொத்தமாக இறங்கும்போது உங்கள் சின்னக் கமிட் அதன் பின்னால் நிற்கிறது. அந்த 10 சதவீத வரம்புக்குப் பதிலாக டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸை 256 எம்பி ஆக்குங்கள், சிறிது சிறிதாக இறங்கும். முடிந்தால் எக்ஸ்போர்ட்டை வேறு டிஸ்க்குக்கே அனுப்புங்கள். அதற்கு ஒரு பழைய சாட்டா டிஸ்க் போதும், என்விஎம்இ வேண்டாம்.